குஸ்கோ மலையில் அருளப்பர்

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அருளப்பர் கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள் வருமாறு.

பங்குத்தந்தை. பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதனால் பங்குக்கு ஏற்கெனவே ஒரு நட்டம் வந்திருந்தது.

பங்குச் சபைத் தலைவர் தம்பிராசா. ஓய்வுபெற்ற ஆசிரியர். முப்பத்தொரு வருடம் விடைத்தாள் திருத்தியவர். மடியில் ஒரு கொப்பி, கையில் சிவப்புப் பேனை.

மரியாயின் சேனைப் பெண்கள் பதினொரு பேர், தலைவி பிலோமினா உட்பட. வழக்கமாக நாலு பேருக்கு மேல் வருவதில்லை.

கிண்ணியா கலீலுர் றஹ்மான். மல்டிமீடியாவும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுபவர். இருபது வருடமாக இந்தப் பங்கின் கலியாணம், செத்தவீடு, திருவிழா எல்லாவற்றுக்கும் வயர் இழுத்தவர். ஊருக்கே அவர் றஹ்மான் நானா.

பங்கு மக்கள் எழுபது பேரளவில், பங்குச் சபையார் ஆறு பேர் உட்பட. பாதிப்பேர் கச்சான் கடலைச் சுருளோடு வந்திருந்தார்கள்.

மாகிரட். முன்வரிசையில், கையில் செபமாலை.

மாகிரட்டின் கணவன் சிறில், பங்குச் சபைச் செயலாளர். மேடையில், வியர்வையோடு.

"சிறில், உங்கட பென் டிரைவை இது எடுக்குதில்ல," என்றார் றஹ்மான் நானா.

"இன்னொருக்காக் குத்திப் பாருங்கோ, நானா."

"மூண்டு தரம் குத்திட்டன். படம் போன்ல இருக்குத்தானே? போனைக் குடுங்க, நேர குத்துவம்."

சிறில் சட்டைப் பையைப் பொத்திப் பிடித்தான்.

பென் டிரைவில் ஆறு படங்கள் இருந்தன. விமானம், மலை, ஒரு பெரிய கோயிலின் முகப்பு, அதே கோயிலின் பக்கச் சுவர், மறுபடி மலை, மறுபடி விமானம். ஒரு கிழமை யோசித்துப் பொறுக்கிய ஆறு. போனில் இருந்தவை நானூற்றுப் பன்னிரண்டு.

நடந்தது இதுதான். சிறிலின் அண்ணன் அஞ்சலோ கனடாவில் இருக்கிறான். பெரு நாட்டிலே குஸ்கோ என்ற மலைநகரத்தில் இன்காக்காரர் சூரியனுக்கு எடுக்கும் திருவிழாவைப் பார்க்க, தனக்கும் மனைவிக்குமாக ஒரு வருடத்துக்கு முன்பே ஒழுங்கு செய்திருந்தான். மனைவி குளியலறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். அவளுடைய இடத்துக்குத் தம்பியைக் கூப்பிட்டான். ஐம்பத்துமூன்று வயதுவரை சிறில் கொழும்புக்கு அப்பால் போனதில்லை. துறைமுகத்தடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் கந்தோரில் இருந்துகொண்டு உலகத்துக் கப்பல்களுக்கெல்லாம் படிவம் நிரப்பியதோடு சரி. உடனே ஓம் என்றான்.

சிக்கல் திகதியில் இருந்தது. சூரியத் திருவிழா ஜூன் இருபத்துநாலு. ஆற்றில் ஞானஸ்நானம் கொடுத்த ஸ்நாபக அருளப்பரின் திருவிழாவும் ஜூன் இருபத்துநாலு. சபைச் செயலாளர் தன் கோயில் திருவிழாவை விட்டுவிட்டுச் சூரியனைப் பார்க்கப் போகிறான் என்று ஊருக்கு எப்படிச் சொல்வது? மாகிரட் கலண்டரை எடுத்துப் பார்த்தாள்.

"ஒரே நாள்தானே. அங்கயும் எங்கட வேதக்காரர் இருப்பினம். அங்கயும் அருளப்பருக்குத் திருவிழா இருக்கும். அதுக்குத்தான் போறீங்கள் எண்டு சொல்லுவம்."

"அது பொய்யில்லையோ?"

"நாள் சரி. ஊர் சரி. மிச்சத்தை ஆர் கேக்கப் போயினம்?"

எல்லாரும் கேட்டார்கள். பங்குச் சபை பூரித்துப்போய், சிறிலைப் பங்கின் பிரதிநிதியாக அனுப்புவதென்று தீர்மானம் எடுத்தது. திருவிழாப் பூசையில் அவனுடைய பயணத்துக்காக மன்றாட்டுச் சொன்னார்கள். திரும்பி வந்ததும் படங்களோடு மண்டபத்தில் உரையாற்ற வேண்டுமென்று இன்னொரு தீர்மானம்.

வெளிநாடு போனவன் வெறுங்கையோடு வரவும் முடியாது. குஸ்கோக் கடைகளில் எங்கே பார்த்தாலும் சூரிய முகம்தான். சிறில் பித்தளைச் சூரியன் தொங்கும், சாவி கோர்க்கும் திறப்புக்கோர்வை இரண்டு டசின் வாங்கி வந்தான். மூக்கும் முழியும் வைத்து, சுற்றிவரக் கதிர் வைத்த முகம். "அருளப்பர், ஒளிவட்டத்தோட," என்று சொல்லி மாகிரட் அவற்றைச் சேனைப் பெண்களுக்கும் சபையாருக்கும் பங்கிட்டாள்.

வீடு என்று ஒன்று இல்லாவிட்டால் இதெல்லாம் வெறும் மானப் பிரச்சினையோடு முடிந்திருக்கும். அவர்கள் பதினேழு வருடமாக இருப்பது கோயில் காணியில், உட்துறைமுகத்தைப் பார்த்த நாலாம் இலக்க வீட்டில். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: குடியிருப்பவர் விசுவாசத்துக்கு மாறான வழிபாடுகளில் பங்கெடுக்கலாகாது. அதே வீட்டைக் கேட்டு வேறு மூன்று குடும்பங்கள் மனுக் கொடுத்திருந்தன. இன்றைய நிகழ்ச்சி நிரலில் முதலாவது சிறிலின் உரை. இரண்டாவது நாலாம் இலக்க வீடு. மூன்றாவது காணி விசாரணை.

அந்த மூன்றாவதைப் பற்றிக் கதைக்கவே ஒருவருக்கும் விருப்பமில்லை. கோயில் நூற்றைம்பது வருடமாக நிற்கிறது. ஒரு திணைக்களத்தின் வரைபடத்தில் மட்டும் அது இல்லை. வரைபடத்தில் இல்லாத கோயிலுக்குக் காணி எப்படி வந்தது என்று விசாரிக்கிறார்கள். போன தவணைக்குப் பங்குத்தந்தையே போனார். கேட்ட கேள்விக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னார். கோயில் காணியில் பன்னிரண்டு பேர்ச் போய்விட்டது.

"அஞ்சலோவுக்குச் சொன்னனீங்கள்தானே," என்று அன்று காலையில்கூட மாகிரட் கேட்டாள், "இஞ்ச ஒருத்தருக்கும் படம் அனுப்ப வேண்டாமெண்டு?"

"சொன்னனான். ஒருத்தருக்கும் தனிப்பட அனுப்பமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினவன்."

மாகிரட் நிம்மதியாகப் போனில் செபம் போட்டுக் கேட்டாள். அவளுக்குப் போன் என்பது அதற்குத்தான். சிறிலுக்குக் கப்பல் வரும் நேரம் பார்க்க.

இப்போது றஹ்மான் நானா சிறிலின் போனை வாங்கி வயரைக் குத்தினார். வெள்ளைத் துணியில் முதல் படம் விழுந்தது.

ஒரு மனிதன். தலையில் சிவப்பும் மஞ்சளுமாக இறகு முடி. காதில் சாசர் அளவு தோடு. மார்பில் கண்ணும் மூக்கும் வைத்த பொன் சூரியன். பலர் தோளில் சுமந்த ஆசனத்தில் நின்று இரண்டு கைகளையும் வானத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தான்.

யாரோ ஒரு கச்சான் உடைத்தார்கள். அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இது ஆர்?" என்றார் தம்பிராசா.

சிறில் வாயைத் திறந்தான். என்ன வரப்போகிறது என்று அவனுக்கே தெரியாது.

"ஏரோது."

"ஆர்?"

"ஏரோது ராசா, அண்ணை. அங்க திருவிழாவுக்குக் கூத்துப் போடுறவை. எங்கட மாதிரித்தான். அருளப்பர் கூத்து."

தம்பிராசா கொப்பியில் ஏதோ எழுதினார். பிறகு கண்ணாடியை உயர்த்திப் படத்தை உற்றுப் பார்த்தார். இளவயதில் நாலு வருடம் தொடர்ந்து ஏரோது ஆடியவர் அவர்.

"எனக்கு மட்டைக் கிரீடம்தான் தந்தவங்கள்," என்றார். "கையை ஏன் மேல தூக்கிறான்?"

"பாட்டு உச்சத்தில போகுது, அண்ணை."

பிலோமினா தன் கைப்பையில் இருந்து திறப்புக்கோர்வையை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். "தம்பி சிறில், இது அருளப்பற்ற முகம் எண்டுதானே மாகிரட் தந்தவ? அதே முகம் ஏரோதின்ர நெஞ்சில கிடக்கு. அது ஏன்?"

மாகிரட் செபமாலையில் அடுத்த மணிக்குத் தாவினாள்.

"மனச்சாட்சி, அக்கா," என்றான் சிறில். "வெட்டுவிச்ச தலை அவன்ர நெஞ்சை விட்டுப் போகேல்ல. அதைக் காட்டத்தான்."

தம்பிராசாவின் பேனை நின்றது. "எங்கட கூத்து அண்ணாவியார் இதை எனக்குச் சொல்லித் தரேல்ல," என்று முணுமுணுத்துவிட்டு எழுதினார். பிலோமினா கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். அவருடைய தோள் குலுங்கியது. பக்தியில் அழுகிறார் என்று சிறில் நினைத்தான்.

"அடுத்த படமா?" என்றார் றஹ்மான் நானா.

"பற்றரி முடியப் போகுது, நானா. இதோட நிப்பாட்டுவம்."

"அதுக்கென்ன, சார்ஜர் இருக்கு." அவரிடம் மூன்று வகைச் சார்ஜர் இருந்தது.

அடுத்த படத்தில், சிவப்புப் பாவாடை கட்டிய பெண்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக ஆடினார்கள்.

"ஏரோதுக்கு முன்னால ஆடின சலோமி," என்றான் சிறில், ஒருவரும் கேட்க முதலே.

"சலோமி ஒராள்தானே?" என்றது பின்வரிசை.

"பெரிய பங்கு. வட்டாரத்துக்கு ஒரு சலோமி. ஒருத்தியைத் தெரிவு செஞ்சா மற்றாக்கள் கோவிப்பினம்."

இதை மண்டபம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. போன நத்தாருக்கு இந்தப் பங்கின் பாலன் குடிலில் மூன்று மாதாக்கள் நின்றார்கள்.

அதற்கடுத்த படத்தில் நாலு பேர் லாமா என்ற மலை மிருகத்தை இழுத்து வந்தார்கள். கறுப்பு. காதில் சிவப்புக் குஞ்சம். முன்னால் நின்ற பெண்ணின் தொப்பிக்கும் மேலாகத் தலை.

"இது?"

"செம்மறி."

"கழுத்து?"

"மலைநாட்டுச் செம்மறி, அண்ணை. 'இதோ கடவுளின் செம்மறி' எண்டு அருளப்பர் சொல்லுவாரே. அந்தக் கட்டம்."

"கறுப்பா இருக்கு."

"உலகத்தின்ர பாவம் முழுக்கச் சுமக்குதெல்லோ."

தம்பிராசா எழுதியதை ஒருமுறை அடிக்கோடிட்டார். சிறில் அதைப் பார்த்தான். குற்றப்பத்திரிகை நீண்டுகொண்டு போகிறது என்று நினைத்தான்.

அடுத்தது படமல்ல, வீடியோ. வெள்ளை அங்கி போட்ட ஒருவர் பொற்கிண்ணத்தை வானத்துக்கு உயர்த்தி, மலை அதிரக் கத்தினார். கூட்டம் திரும்பக் கத்தியது. றஹ்மான் நானா நல்ல ஒலிபெருக்கி வைத்திருந்தார். வெளியே கட்டியிருந்த ஆடு ஒன்று பதில் சொன்னது.

"இவர் செக்கரியா," என்றான் சிறில். "அருளப்பற்ற தகப்பன். தேவாலயத்தில குரு."

"செக்கரியாவுக்குப் பேச்சு நிண்டெல்லோ போனது?" என்றார் தம்பிராசா. "தேவ சம்மனசு சொன்னதை நம்பேல்லையெண்டு. இந்த மனிசன் ஊர் கேக்கக் கத்துறார்."

"பிள்ளை பிறந்து பேர் வைச்சவுடன நாக்குக் கட்டு அவிண்டதுதானே, அண்ணை. ஒன்பது மாசமா வாய் திறக்காத மனிசன். கத்தாம என்ன செய்வார்?"

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். தம்பிராசா திரும்பி முறைத்தார். கைதட்டல் நின்றது.

"சரி. அப்ப பிள்ளை பிறந்த அண்டைக்கே ஏரோது தலை வெட்ட வந்து நிக்கிறானோ? பிறந்தது ஜூன். தலை வெட்டினது ஓகஸ்ட் இருபத்தொம்பது."

"ரெண்டு திருவிழாவையும் ஒரே நாளில வைக்கினம். பதினோராயிரம் அடி மலை, அண்ணை. சனம் வருசத்தில ரெண்டு தரம் ஏறாது."

"அருளப்பர் எங்க?"

"ஆ?"

"அருளப்பர். ஏரோது இருக்கிறான், செக்கரியா இருக்கிறார், வட்டாரத்துக்கொரு சலோமி இருக்கு. திருவிழா நாயகனைக் காணேல்ல."

மண்டபத்தின் வெளிச்சமெல்லாம் தன் முகத்தில் விழுவதுபோல் சிறிலுக்கு இருந்தது. "சிறையில," என்றான்.

"காலமை துவக்கமோ?"

"ஓம்."

"ஒரு படம்கூட இல்லையோ?"

"சிறைக்குள்ள படமெடுக்க விடுவாங்களே, அண்ணை? சீனன்குடா விமானப்படை முகாமில போய் நீங்கள் படமெடுக்க ஏலுமே?"

ஏலாது என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டு பேருக்கு அங்கே போன் பறிபோன அனுபவமும் உண்டு. அவர்கள் பலமாகத் தலையாட்டினார்கள். பங்குத்தந்தை மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த படமா?" என்றார் றஹ்மான் நானா.

இப்போது சாப்பாட்டு மேசை. தட்டில் முழுசாகப் பொரித்த கினிப்பன்றி, அந்த ஊர் விருந்துச் சாப்பாடு. நாலு காலும் விரித்து, பல் தெரிய, வாயில் ஒரு மிளகாயோடு. அதன் பக்கத்தில் முள்ளுக்கரண்டியோடு சிறில். அவனுக்குப் பக்கத்தில் அஞ்சலோ, ஒரு பெரிய கோப்பையோடு.

"எலி," என்றது பின்வரிசை.

"எலியில்லை."

"பின்ன என்ன? வால் மட்டும்தான் இல்லை."

"அருளப்பர் வனாந்தரத்தில வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் சாப்பிட்டவர்தானே," என்றான் சிறில். குரல் அவனை விட்டுவிட்டுத் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. "அந்த ஞாபகமா ஒரு விருந்து."

"இது வெட்டுக்கிளியோ, தம்பி?"

"அந்த உயரத்துக்கு வெட்டுக்கிளி வராது, அக்கா. கிடைச்சதைத்தான் வைப்பினம்."

"அஞ்சலோ குடிக்கிறது காட்டுத்தேனோ?"

"ஓம்."

பிலோமினா எழுந்து வேகமாக வெளியே போனார். மண்டபச் சுவருக்கு அப்பால் நீண்ட இருமல் கேட்டது. திரும்பி வந்தபோது அவருடைய கண்கள் சிவந்திருந்தன. கூட இன்னும் மூன்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

இனிமேல் ஒரு படமும் தாங்காது என்று சிறில் முடிவு செய்தான். விளக்கம் சொல்வதுபோல் இரண்டடி பின்னால் போய், காலால் வயரைத் தட்டிவிட்டான். போன் மேசையில் இருந்து விழுந்தது. துணி வெறுமையானது. அவன் மூச்சு விட்டான்.

றஹ்மான் நானா போனைப் பொறுக்கித் துடைத்தார். "ஒண்டும் நடக்கல. நல்ல போன்," என்று சொல்லி மறுபடி குத்தினார். விழுந்த வேகத்தில் படங்கள் தாவிப்போய்க் கடைசியில் நின்றிருந்தன.

நானூற்றுப் பன்னிரண்டாவது படம்.

தலையில் இறகு முடி. கன்னத்தில் இரண்டு சிவப்புக் கோடு. தோளில் கம்பளிப் போர்வை. மார்பில் கடதாசிச் சூரியன். கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் சூரியனுக்கு நேரே தூக்கியபடி சிறில்.

மாகிரட்டின் செபமாலை நின்றது.

அது யார் என்று கேட்கத் தேவையில்லை. தம்பிராசா கேட்டார்.

"இது ஆர்?"

சிறிலுக்கு நாலாம் இலக்க வீட்டின் குசினி யன்னல் ஞாபகம் வந்தது. அதற்கு வெளியே மாகிரட்டின் உடுப்புக் கொடி. கொடிக்கு அப்பால் துறைமுகம். போன வருடம்தான் அந்த யன்னலுக்குப் பெயின்ற் அடித்திருந்தான்.

"அருளப்பர்," என்றான்.

"எங்கட அருளப்பரோ?"

"எங்க எண்டு கேட்டீங்கள்தானே. நான்தான். வெளிநாட்டுப் பங்கின்ர பிரதிநிதி எண்டு தெரிஞ்சவுடன அவங்கள் விடேல்ல, அண்ணை. ஏலாது எண்டு எவ்வளவோ சொல்லிப் பாத்தனான்."

"அப்ப காலமை துவக்கம் சிறைக்குள்ள இருந்தது?"

"நான்தான்."

"இதில வெளிய எல்லோ நிக்கிறீர்?"

"தலை வெட்டக் கொண்டு வந்தவங்கள்."

"தலை இருக்கு."

"இது வெட்ட முதல்."

தம்பிராசா கொப்பியின் பக்கத்தைப் புரட்டினார். "அருளப்பர் போட்டது ஒட்டக மயிர் உடுப்பு. உமக்கு இது என்ன?"

"அந்தக் கழுத்து நீண்ட செம்மறியின்ர மயிர். அது ஒட்டகத்துக்குச் சொந்தம், அண்ணை."

"செம்மறி எண்டல்லோ சொன்னனீர்?"

"தாய் வழியில செம்மறி."

மண்டபம் வெடித்தது. எழுபது பேரும் கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். ஒரு கச்சான் சுருள் காற்றில் பறந்தது. சிறில் எதுவும் விளங்காமல் நின்றான். முகத்தில் இருந்து வியர்வை சொட்டியது.

சத்தம் அடங்கப் பங்குத்தந்தை முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

"சிறில், நான் ஒண்டு கேக்கட்டே? அண்டைக்குக் காலமை அங்க நிக்கேக்க எப்பிடி இருந்தது?"

சிறில் கூத்து என்று சொல்ல வாயெடுத்தான். வரவில்லை.

"விறைக்கிற குளிர், ஃபாதர். கால் நகம் எல்லாம் நீலம். ஆயிரக்கணக்கில சனம், ஒருத்தரும் கதைக்கேல்ல. எனக்குப் பக்கத்தில ஒரு மனிசி கைக்குழந்தையைப் போர்வைக்குள்ளால எடுத்து மதில் பக்கம் திருப்பிப் பிடிச்சவ. வெயில் மதிலுக்கு மேலால வந்து முதல்ல அந்தப் பிள்ளையின்ர முகத்திலதான் விழுந்தது. எல்லாரும் கையைத் தூக்கிச்சினம். நானும் தூக்கினனான்."

"ஏன்?"

"தெரியாது, ஃபாதர். சூடா இருந்தது."

முக்கால் மணித்தியாலத்தில் அவன் சொன்ன முதல் உண்மை அது. தம்பிராசா அதை மட்டும் எழுதவில்லை.

பிறகு அவர் எழுந்தார். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஏதோ கூட்டினார். சபையார் ஆறு பேரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். சிறில் மேடையின் கதிரையைப் பிடித்துக்கொண்டான்.

"நிகழ்ச்சி நிரலில ரெண்டாவது," என்றார். "நாலாம் இலக்க வீடு. சிறில் குடும்பத்துக்கு இன்னும் பத்து வருசம். ஆட்சேபணை?"

ஒருவருமில்லை. மனுக் கொடுத்த மூன்று குடும்பங்களும் முந்திக்கொண்டு கையை உயர்த்தி ஆதரித்தன. மாகிரட் இருந்த இடத்திலேயே அழத் தொடங்கினாள். அருளப்பர் கைவிடவில்லை என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அவளும் ஓம் ஓம் என்றாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

"மூண்டாவது. செவ்வாய்க்கிழமை காணி விசாரணை. பங்கின்ர சார்பில சிறில் போறார். ஆட்சேபணை?"

"எனக்கு இருக்கு," என்றான் சிறில்.

"உம்மைக் கேக்கேல்ல."

மேடைக்குப் பக்கத்தில் கடதாசிக் கோவைகள் வைக்கும் அறை இருந்தது. தம்பிராசா அவனை முழங்கையில் பிடித்து அங்கே கூட்டிப்போனார். ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு இரும்பு அலுமாரி. மேசையில் சுருட்டிய வரைபடங்களும் பூச்சி அரித்த கடதாசிகளும் ஏற்கெனவே எடுத்து அடுக்கப்பட்டிருந்தன. ஒரு போத்தல் தண்ணீரும் வைத்திருந்தார்கள்.

"இதில நூற்றைம்பது வருசத்துக் கடதாசி கிடக்கு," என்றார். "ஒண்டிலயும் எங்கட கோயில் இல்லை. ஏன் இல்லையெண்டு அவங்கள் ஒவ்வொண்டாக் கேப்பாங்கள். நீர் ஒவ்வொண்டா விளங்கப்படுத்த வேணும். இருந்து வாசியும். தேத்தண்ணி அனுப்புறன். ஒருத்தரும் வந்து குழப்பாம நான் கதவைப் பூட்டிவிடுறன்."

"அண்ணை, ஃபாதருக்கே ஏலாமப்போன காரியம்." சிறில் ஒரு வரைபடச் சுருளைத் தள்ளி வைத்தான். "நான் வாயில்லாத ஆள். இல்லாததை இருக்கெண்டு விளங்கப்படுத்த எனக்கு ஒருநாளும் வராது."

தம்பிராசா வாசலில் வயர் சுற்றிக்கொண்டு நின்ற றஹ்மான் நானாவைப் பார்த்தார். றஹ்மான் நானா போனைச் சிறிலின் கையில் கொடுத்தார்.

"சிறில், உங்கட அண்ணன் இந்தப் படம் அத்தினையையும் 'இன்காக்காரர்ர சூரியத் திருவிழாவில நானும் தம்பியும்' எண்டு எழுதி அண்டைக்கே பேஸ்புக்கில போட்டுட்டார், ஊரோட சேந்து நானும் லைக் போட்டன், இண்டைக்கு இவங்க வந்தது படம் பாக்க இல்ல, செவ்வாக்கிழமைக்கு அனுப்புற ஆளைச் சோதிச்சுப் பாக்க."

தம்பிராசா கதவைச் சாத்தினார். திறப்பு இரண்டு தரம் திரும்பியது. அதோடு தொங்கிய பித்தளைச் சூரியன் பலகையில் ஒருதரம் தட்டியது.